ஆயுள் சந்தா: யாருடைய ஆயுள்?

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழைய ரேஷன் கார்டுக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நடுவே ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. ரேடியோ லைசென்ஸ். உள்ளே தபால் தலை மாதிரி வில்லைகள் ஒட்டி, மேலே தபாலாபீஸ் முத்திரை குத்தியிருக்கும். வருஷத்துக்கு 15 ரூபாய். 1885-ஆம் வருஷத் தந்திச் சட்டத்தின் பெயரால், வீட்டில் ரேடியோ வைத்திருந்ததற்காக அரசாங்கம் வாங்கிய பணம் அது. காசு பாட்டுக்கு இல்லை, பாடுகிற பெட்டிக்கு. 1980-களின் நடுவில் அந்த லைசென்ஸை எடுத்துவிட்டார்கள். "இனிமே பாட்டு கேக்க எவனுக்கும் துட்டு கட்ட வேண்டியதில்ல" என்று அப்பா அந்தப் புத்தகத்தைப் பெட்டிக்கு அடியில் தள்ளினார். தூக்கிப் போடவில்லை. அரசாங்கம் எப்போது மனசு மாறும் என்று யாருக்குத் தெரியும்?

அரசாங்கம் மாறவில்லை, போன் மாறியது. போன மாதம் என் போனில் இறக்கிய ஒரு பாட்டு பிளேயர், பதினைந்து நாள் சும்மா பாடிவிட்டு, பதினாறாம் நாள் கையை நீட்டியது: மாதச் சந்தாவா, வருஷச் சந்தாவா, இல்லை ஆயுளுக்கும் சேர்த்து ஒரே தொகையா? பாட்டெல்லாம் என்னுடையவை. கேசட்டிலிருந்தும் சிடியிலிருந்தும் நானே ஏற்றி வைத்தவை. மறுபடியும் பெட்டிக்குப் பணம்.

கட்டலாமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு சிவகாசியிலும் விருதுநகரிலும் சாத்தூரிலும் கொஞ்சம் சுற்றினேன். எங்கள் ஊர் இதைக் கேட்பதற்கு நல்ல இடம். நாங்கள் தயாரிப்பதெல்லாம் தீர்ந்துபோகிற சரக்கு. தீக்குச்சி ஒரு உரசலுக்கு. பட்டாசு ஒரு ராத்திரிக்கு. ஆடிப் பெருக்கன்று ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்கும் தினசரி காலண்டர் ஒரு வருஷத்துக்கு. எந்தப் பொருளுக்கு எத்தனை நாள் உயிர் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "ஆயுள்" என்ற வார்த்தையை விலைச்சீட்டில் பார்த்தால் எங்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

காசு கட்டியே ஆகவேண்டிய ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். மைக் செட் அண்ணாச்சி. அவருடைய அப்பா காலத்தில் கிராமபோன் தட்டு, குழாய் ஸ்பீக்கர், இரண்டு பெட்ரோமாக்ஸ் லைட். வேப்ப மரத்து உச்சியில் குழாயைக் கட்டி, எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டைப் போட்டால் மூன்று ஊருக்குக் கேட்கும். அண்ணாச்சி காலத்தில் கேசட், அப்புறம் சிடி, அப்புறம் பென்டிரைவ். இப்போது லேப்டாப். மகன்தான் ஓட்டுகிறான், கல்யாண வரவேற்பில் "டிஜே" என்று அவனுக்குத் தனியாக ஒரு மேடையே போடுகிறார்கள்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மாதம், பக்கத்துக் கிராமத்தில் அம்மன் கோயில் பொங்கல். எங்கள் பக்கம் கோயில் திருவிழாவுக்கே பொங்கல் என்றுதான் பெயர். தீச்சட்டி ஊர்வலம் தெருமுனை திரும்புகிறது. பாட்டு பாதியில் நின்றது. லேப்டாப் திரையில் உரிமம் காலாவதி என்று ஒரு கட்டம் வந்து நின்றுகொண்டு நகரவில்லை. யாரோ கொடுத்த திருட்டுப் பதிப்பு. அதோடு ஒரு வைரஸும் இலவச இணைப்பாக வந்திருந்தது. கூட்டம் ஒரு நிமிஷம் பொறுத்தது. அடுத்த நிமிஷம் ஆம்ப்ளிஃபயர்மேல் ஒரு தேங்காய் மூடி வந்து விழுந்தது. "சாமி வந்து ஆடிக்கிட்டு இருக்கிற ஆள் நின்னு என்னையப் பாக்கிறாருய்யா" என்று அண்ணாச்சி இப்போது சொல்லும்போது சிரிக்கிறார். அன்றைக்கு வாடகையில் பாதியைத்தான் கொடுத்தார்களாம்.

அதற்கப்புறம் காசு கட்டித்தான் ஓட்டுகிறார். இந்த வகை மென்பொருளில் பேர் பெற்றது விர்ச்சுவல் டிஜே. வீட்டில் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டால் இலவசம். மேடையில் ஏறிச் சம்பாதித்தால் மாதம் 19 டாலர், அல்லது ஒரே தொகையாக 299 டாலர். இது நியாயமான கணக்கு என்றுதான் எனக்குப் படுகிறது. சம்பாதிக்கிறவன் கட்டுகிறான், கேட்கிறவன் சும்மா கேட்கிறான். 299-ஐ 19-ஆல் வகுத்தால் பதினாறு மாதத்தில் ஆயுள் தொகை தேறிவிடும். வருஷம் முழுக்க வேலை இருக்கிற சென்னை டிஜேவுக்கு யோசிக்கவே வேண்டாம். ஆனால் அண்ணாச்சி வேறு கணக்கு வைத்திருக்கிறார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி கேட்கிறவர்கள் பக்கம். பட்டாசு ஆலைக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது; வாசலோடு சரி. மருந்து கிடக்கிற இடத்தில் ஒரு பொறியும் ஆகாது. ஆகவே சரம் பின்னுகிற அக்காவுக்குப் பாட்டு என்பது காலையில் வேனிலும் சாயங்காலம் திரும்புகிற வேனிலும்தான். வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை என்று ஊர் ஊராக ஆள் ஏற்றி வருகிற வேன்களில் டிரைவர் வைத்ததுதான் பாட்டு. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பென்டிரைவ் சொருகியிருக்கும், அதில் சிவப்புக் கயிறு கட்டியிருக்கும். நான் பேசிய அக்கா ஒருவர் சந்தா என்றதும், "எதுக்கு? பத்திரிகைக்கா?" என்றார். வீட்டில் என்ன கேட்பீர்கள் என்றேன். "கோடை எஃப்எம்" என்றார். கொடைக்கானல் மலை மேலிருந்து 100.5-இல் வருகிற அகில இந்திய வானொலி. தென்மாவட்டங்களில் பாதிப் பேருக்கு இன்னமும் அதுதான் பிரீமியம். ஆண்டெனாவாக இயர்போன் வயரைச் சொருகினால் போதும். லைசென்ஸும் இல்லை.

அவருடைய மகனுக்கு போனில் மெமரி கார்டு இருக்கிறது. முன்பு பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் "பாட்டு ஏற்றித் தரப்படும்" என்று போர்டு போட்ட கடைகள் வரிசையாக இருந்தன. ஒரு டீ, ஒரு வடை முடிப்பதற்குள் 4 ஜிபி கார்டில் ஆயிரம் பாட்டு ஏறிவிடும். திருட்டுதான், மறுப்பதற்கில்லை. அந்தக் கடைகள் இன்று ஸ்கிரீன் கார்டு ஒட்டுகின்றன. ஆனால் அந்த ஆயிரம் பாட்டு இன்னும் கார்டிலிருந்து கார்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, பெயரில்லாமல், "டிராக் 01" என்று.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "மியூசிக் ஆப்புக்குப் பணம்" என்று எல்லோரும் ஒரே பேச்சாகப் பேசுகிறோம். அதற்குள் இரண்டு தனித்தனிச் சரக்கு இருக்கிறது. ஒன்று, பாட்டை வாடகைக்குக் கொடுப்பது: ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக், ஆப்பிள் மியூசிக். மற்றது, உன்னிடம் இருக்கிற பாட்டை நன்றாகப் பாடவைக்கிற கருவியை விற்பது: பவர்ஆம்ப், ரூன், ஆடிர்வானா. முதலாவது வீட்டு வாடகை. இரண்டாவது வீட்டுக்கு வெள்ளையடிக்கிற கூலி. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் கணக்கு வராது.

வாடகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 119 ரூபாய், மாதாமாதம் கட்டினால் வருஷத்துக்கு 1,428. இன்று அந்த விலை இல்லை. நம் ஊர்க்காரர்களின் நாடி பார்த்து நாளைக்கு 7 ரூபாய், வாரத்துக்கு 25 ரூபாய் என்றும் ஒரு திட்டம் விட்டார்கள். கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைப் பாக்கெட்டில் அடைத்தாரே, அதே புத்திதான். சனிக்கிழமை சம்பளம் வாங்குகிற ஊரில் மாதச் சந்தாவைவிட வாரச் சந்தா புரியும். விளம்பரத் தொல்லை இல்லாமல் கேட்க அந்த 25 ரூபாய் தகுந்ததா என்றால், வாரம் முழுக்கக் கேட்டவருக்குத் தகுந்தது. ஆனால் அது வாடகை என்பதை மறக்கக் கூடாது. 2023 மார்ச்சில் ஜீ மியூசிக்கோடு ஒப்பந்தம் முறிந்ததும் அந்தக் கம்பெனியின் இந்திப் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையிலிருந்து ஒரே நாளில் காணாமல் போயின. மாதாமாதம் ஒழுங்காகக் கட்டியவர்களுக்கும்தான். ஏர்டெல்லின் விங்க், 2014-இல் தொடங்கியது, 2024-இல் மூடுவதாக அறிவிப்பு வந்தது. கானா 2022-இல் "இனி சந்தா கட்டினால்தான் பாட்டு" என்றது. அடுத்த வருஷக் கடைசியில் ரேடியோ மிர்ச்சியின் கம்பெனிக்குக் கைமாறியது, விலை 25 லட்சம். புதுசாக ஒரு நாலு கலர் ஆஃப்செட் மெஷினை சிவகாசியில் அந்தக் காசுக்கு இறக்க முடியாது.

எங்கள் பக்கம் பட்டாசுச் சீட்டு என்று ஒன்று உண்டு. பன்னிரண்டு மாதம் கட்டினால் தீபாவளிக்கு ஒரு பெட்டி பட்டாசு, ஒரு பாத்திரம், ஸ்வீட் பாக்கெட். சீட்டு முடிந்தால் கையில் ஏதோ நிற்கும். சந்தா முடிந்தால் எதுவும் நிற்பதில்லை, கேட்ட நினைப்பைத் தவிர. என் வீட்டிலேயே மூன்று மாதம் இலவசம் என்று ஒரு சேவையில் விரலை வைத்தேன். நான்காம் மாதத்திலிருந்து ஆட்டோபே. கவனிக்க ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதத்தில் நான் அதில் கேட்டது, கணக்குப் பார்த்தால், ஒரே ஒரு மதியம். தப்பு என்னுடையதுதான், எச்சரிக்கைக் குறுஞ்செய்தி ஒவ்வொரு மாதமும் வந்திருக்கிறது. படிக்கவில்லை.

இனி கருவி. ஒரு பிளேயர் மென்பொருள் காசு வாங்கும் அளவுக்கு என்னதான் செய்துவிடும்? பவர்ஆம்ப் என்ற வேறொரு ஆண்ட்ராய்டு பிளேயரில் என் பழைய பாட்டுகளைப் போட்டுப் பதினைந்து நாளும் உட்கார்ந்து கேட்டேன். 1960-களின் பாட்டு மெதுவாகப் பேசும்; 2010-க்கு மேற்பட்ட பாட்டு காதைக் கிழிக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கை தானாக வால்யூம் பட்டனுக்குப் போகும். ரீப்ளேகெயின் என்ற வசதி இருந்தால், ஒவ்வொரு பாட்டின் சத்தத்தையும் முன்பே அளந்து எழுதி வைத்ததைப் படித்து, எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் பாடும். ராத்திரி பேரன் தூங்கும்போது இதன் அருமை தெரியும். அப்புறம் ஈக்வலைசர். பழைய கேசட்டிலிருந்து ஏற்றிய பாட்டில் மேல் ஸ்தாயியில் ஒரு "ஸ்ஸ்" இரைச்சல் இருக்கும். அதை மட்டும் கொஞ்சம் அமுக்கினால் டி.எம்.எஸ். குரல் முன்னால் வந்து உட்காரும். இது என் காதால் கேட்டது.

மற்றபடி அற்புதம் எதுவும் நடக்காது. சிடியில் ஒரு நொடிக்கு 1,411 கிலோபிட் தகவல் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக் கடை எம்பி3-இல் 128. பதினொன்றில் ஒரு பங்கு. மிச்சத்தில் பெரும்பகுதியைச் சுருக்கும்போதே விட்டாகிவிட்டது. அதை எந்தப் பிளேயரும், எத்தனை டாலர் கொடுத்தாலும், திருப்பிக் கொண்டுவராது. வெடித்த பட்டாசின் காகிதத்தைப் பொறுக்கி ஒட்டி மறுபடி திரி வைக்க முடியுமா? இதற்கு மேல் புளூடூத் ஸ்பீக்கர் வேறு. நம் வீட்டுச் சாதாரண புளூடூத் ஸ்பீக்கர் போகிற வழியில் பாட்டை இன்னொரு தரம் சுருக்கும். "பிட்கூடச் சிதறாமல் தருகிறோம்" என்று விற்கிற பிளேயரை வாங்கி அதை இந்த ஸ்பீக்கரில் கேட்பது, செக்கு எண்ணெய் வாங்கி வந்து பாமாயிலோடு கலக்கிற வேலை. விருதுநகர்க்காரருக்கு இது சொல்லாமலே விளங்கும்.

பவர்ஆம்ப்புக்கு ஒரே தடவை பணம். நம் நாட்டு விலையில் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இலவசமே வேண்டும் என்றால் பீட்டர் பாவ்லோவ்ஸ்கி 2002-இலிருந்து எழுதிவரும் ஃபூபார்2000 இருக்கிறது. கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் உண்டு, ரீப்ளேகெயினும் உண்டு. பாரிஸ் மாணவர்கள் ஆரம்பித்த விஎல்சி இருக்கிறது; விளம்பரம்கூட இல்லை. 2022-இல் அதன் இணையதளத்தை இந்தியாவில் சில மாதம் முடக்கி வைத்திருந்தார்கள், பிறகு திறந்துவிட்டார்கள். எம்பி3-க்கே 2017-இல் காப்புரிமை உரிமம் முடிந்துபோயிற்று. ஆக, கருவி என்ற அளவில் சும்மா கிடைப்பதே நமக்குத் தொண்ணூறு சதவீதம் போதும். மிச்சத்துக்குச் சில நூறு ரூபாய் ஒரு தடவை கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் கொடுத்தேன்.

ஒரு குறை மட்டும் சொல்லியாக வேண்டும். 2000-க்கு முன்பின் தமிழ் எழுத்துருக்களில் தட்டி வைத்த பாட்டுப் பெயர்களை எந்தப் பிளேயரும் படிப்பதில்லை. இலவசமானாலும் விலையானாலும் திரையில் வருவது கேள்விக்குறியும் பிரெஞ்சு எழுத்தும். கலைஞர் பெயர் என்ற இடத்தில் இசையமைப்பாளரைப் போடுவதா, பாடகரைப் போடுவதா, நடிகரைப் போடுவதா என்பதில் நம் ஜனங்களுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. என்னிடம் எம்.ஜி.ஆர். பாடிய பாட்டு முந்நூறு இருக்கிறது, பிளேயர் சொல்கிறபடி.

ஆயுள் விஷயத்துக்கு வருகிறேன். ரூன் என்று ஒரு மென்பொருள். 2015-இல் வந்தது. வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை எப்போதும் ஓடவிட்டு, ஒவ்வொரு அறையிலும் பாட்டு, பாடியவர் கதை, வாசித்தவர் பெயர், அவர் வாசித்த வேறு தட்டு என்று வலை பின்னிக் காட்டும். ஜாஸ், ராக் கேட்பவர்கள் சொக்கிப் போகிறார்கள். தமிழ்த் திரைப்பாட்டு என்று வந்தால் அந்தக் கிணற்றில் தண்ணீர் குறைவு. வந்த புதிதில் ஆயுள் சந்தா 499 டாலர். அப்புறம் 699. 2023 தொடக்கத்திலிருந்து 829.99, நம் காசில் எழுபதாயிரத்துக்கு மேல். வருஷச் சந்தா 149.88 டாலர். வகுத்துப் பாருங்கள்: ஐந்தரை வருஷம் கம்பெனியும் இருந்து, நீங்களும் இருந்து, உங்கள் ஆசையும் இருந்தால்தான் முதல் தேறும். 2023 நவம்பரில் ரூனை ஹார்மன் வாங்கியது; ஹார்மன் ஏற்கனவே சாம்சங்கின் கையில். புது முதலாளி பழைய ஆயுளை எத்தனை நாள் மதிப்பார் என்பது ஒரு நம்பிக்கை. நேர்மையாகச் சொன்னால், முதல் வருஷமே 499 கட்டியவர்கள் ஜெயித்தார்கள். வருஷா வருஷம் கட்டியிருந்தால் இதற்குள் 1,200 டாலரைத் தாண்டியிருக்கும். பிளெக்ஸ் என்ற இன்னொன்றும் 2025 ஏப்ரலில் ஆயுள் தொகையை 119.99-லிருந்து 249.99 டாலராக ஏற்றியது. அங்கேயும் முந்தியவனுக்கு லாபம்.

எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. ஒரே தொகைக்கு விற்றுக்கொண்டிருந்த ஆடிர்வானா 2021-இல் புதுப் பதிப்புக்குச் சந்தா மட்டும்தான் என்றது. பழைய வாடிக்கையாளர்கள் போட்ட சத்தத்தில் மறு வருஷமே ஒரே தொகைக்கு ஆரிஜின் என்று ஒன்றை இறக்க வேண்டியதாயிற்று. எல்லாவற்றுக்கும் தாத்தா வின்ஆம்ப். 1997-இல் ஜஸ்டின் ஃபிராங்கெல் எழுதியது. பிடித்திருந்தால் பத்து டாலர் அனுப்புங்கள் என்று கேட்டார். 1999-இல் ஏஓஎல் வாங்கியது, 2013-இல் மூடப்போவதாகச் சொன்னது, 2014-இல் வேறு கைக்குப் போயிற்று. நம் பிரவுசிங் சென்டர்களில் அந்தக் கறுப்புக் கட்டத்துக்குள் பச்சைக் கோடுகள் குதித்ததைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் பத்து டாலர் அனுப்பியிருப்பார்கள்?

தமிழ்ச் சிறுபத்திரிகை வாங்கியவர்களுக்கு ஆயுள் சந்தா புதிதல்ல. ஆயுள் சந்தா கட்டுவோம். நாலாவது இதழோடு பத்திரிகை நின்றுவிடும். ஆசிரியரைப் பார்த்துக் கேட்டால், "ஆயுள் என்றால் பத்திரிகையின் ஆயுள்தானே" என்பார். எனக்கே அப்படி மூன்று பத்திரிகைகள் காலமாகியிருக்கின்றன. பணம் போனதில் வருத்தமில்லை, நாலு இதழாவது அலமாரியில் இருக்கிறது. மென்பொருளில் அதுவும் இல்லை; உரிமத்தைச் சரிபார்க்கிற சர்வரை அணைத்தால் உன் கையில் இருப்பது ஒரு ரசீது மின்னஞ்சல்.

ஆயுள் விலைக்கு என் கண்ணில் பட்ட நல்ல உதாரணம் மென்பொருளே அல்ல. 2017-இல் சாரேகாமா கொண்டுவந்த கார்வான். பழைய ரேடியோ மாதிரிப் பெட்டி, உள்ளே ஐயாயிரம் பாட்டு, விலை 5,990 ரூபாய். தமிழிலும் வந்தது. பாட்டுக்கு ஒரு ரூபாய் இருபது காசு. இன்டர்நெட் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், ஆட்டோபே கிடையாது. எங்கள் தெருவில் மாமா ஒருவருக்கு பெங்களூரிலிருக்கும் மகள் வாங்கிக் கொடுத்தாள். அவர் அதில் எப்போதும் ஒரே வரிசையைத்தான் கேட்கிறார். பேட்டரி தளர்ந்துவிட்டது, சார்ஜர் வயரோடே பாடுகிறது. அதன் ஆயுளைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. "எனக்கு அப்புறம் அது கெட்டாப் போதும்" என்றார்.

அண்ணாச்சியின் கணக்கு பாக்கி இருக்கிறது. அவர் ஆயுள் தொகை கட்டவில்லை, வருஷம் முழுக்கவும் கட்டவில்லை. தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. கல்யாணமும் பொங்கலும் வருகிற ஐந்து மாதம் மட்டும் கட்டுகிறார். ஆனி பிறப்பதற்குள் மகனை விட்டு ரத்து செய்துவிடுகிறார். ஆடி அம்மன் பாட்டுக்கும் மார்கழி பஜனைக்கும் பென்டிரைவ் போதும். இந்தக் கணக்கில் அவர் 299 டாலரைத் தொட மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். "மூணு வருஷத்தில இந்த லேப்டாப்பு இருக்குமா தம்பி? இவன் இருப்பானா? துபாய் போறேங்கிறான்."

பேசிக்கொண்டே கடைச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைத் தூக்கிப் பிடித்தார். நம் ஊர்க் காலண்டர்தான். மேலே ஒரு பட்டாசுக் கம்பெனியின் லட்சுமி படம். தாள்களைக் கொத்தாகப் புரட்டி வைகாசிக் கடைசியில் ஒரு தேதியை எடுத்தார். அன்றைக்குச் சுபமுகூர்த்தம் என்று சிவப்பில் அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே நீல பால்பாயின்ட்டில் அவர் கையெழுத்து: "டிஜே கட் பண்ணணும்."